இல்லாத உலோகங்களுக்கு ஓர் இலக்கணம்

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊராக நிற்கும் ஜூஜுவாடியை அறிந்தவர்கள், அதனைச் சோதனைச் சாவடிக்காகவும், அதையொட்டியே தொடங்கிவிடும் சிப்காட் தொழிற்பேட்டைக்காகவும் அறிந்திருப்பார்களேயன்றி, இல்லாத உலகங்களைச் சிருஷ்டிக்கும் கலையின் சரித்திரத்தில் இந்த எல்லைப் பிரதேசத்துக்கும் ஓர் ஆசனம் உண்டென்று எண்ணியிருக்க மாட்டார்கள். சாவடியைத் தாண்டி அத்திப்பள்ளியை அடைந்து தென்மேற்காகத் திரும்பினால் ஆனேக்கல் என்னும் ஊர் வரும். ஓசூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வறிய குடும்பத்தில் பிறந்து, பிற்காலத்தில் அந்த ஆனேக்கலில் வாழ்ந்த பண்டிதர் சுப்பராய சாஸ்திரி, 1918ஆம் ஆண்டு தொடங்கி 1923ஆம் ஆண்டு வரையில், தாம் சொல்லச் சொல்ல வேங்கடாசல சர்மா என்பவர் எழுதிக்கொள்ள, எட்டு அத்தியாயங்களும் ஏறக்குறைய 3,000 சுலோகங்களும் கொண்ட ‘வைமானிக சாஸ்திரம்’ என்ற நூலைத் தந்தார். ஆகாயத்தில் செல்லும் ஊர்திகளையும் அவற்றுக்கு வேண்டிய அபூர்வ உலோகங்களையும் கண்ணாடிகளையும் விவரிக்கும் அந்நூலை, நம் நாட்டார் ஒரு சாரார் விஞ்ஞானமென்று கொண்டாடினர். மற்றொரு சாரார் பொய்யென்று தள்ளினர். கற்பனைப் படைப்பு என்ற முறையில் அதனை எடைபோட்டுப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

அவ்வாறு எடைபோடும் அவசியம் இன்று ஏற்பட்டிருக்கிறது. ஆர்.பி.ஜி. என்று இளைஞர்கள் சுருக்கி வழங்கும் ஆட்டத்தில், ஒருவர் ஓர் உலகத்தை வாய்மொழியாக வருணிக்க, சுற்றியிருப்போர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று அவ்வுலகில் சஞ்சரிக்க, சந்தேகமான இடங்களைப் பகடை தீர்மானிக்கிறது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ இதற்கு வழிகாட்டியது; 1977இல் வந்த ‘டிராவலர்’ இந்த ஆட்டத்தை நட்சத்திர மண்டலங்களுக்குக் கொண்டு சென்றது. நாவலாசிரியன் தன் கதை நடக்கும் தெருவை மட்டும் காட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். ஆட்டத்தை நடத்துகிறவனுக்கோ அந்தச் சலுகை இல்லை. ஆடுகிறவன் எந்தக் கதவையும் திறப்பான், எந்த உலோகத்தையும் உரசிப் பார்ப்பான், இது எங்கே கிடைக்கிறது, என்ன விலை, உருக்கினால் என்ன ஆகும் என்று கேட்பான். ஆகவே விசித்திரமான இடத்தையும் பதார்த்தத்தையும் கற்பிப்பவன், அவற்றுக்கு ஒரு விதியையும் அந்த விதிக்கு ஒரு விலையையும் சேர்த்தே கற்பித்தாக வேண்டும். இந்த உரைகல்லில்தான் நம் பழைய கற்பனைகளையும் புதியவற்றையும் உரசிப் பார்க்க விரும்புகிறேன்.

புராணங்கள் கூறும் பூகோளத்தில் ஏழு தீவுகளைச் சூழ்ந்து உப்பு, கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர் என ஏழு சமுத்திரங்கள் வளையமிடுகின்றன. காதுக்கு இனிய வரிசைதான். ஆனால் நெய்க் கடலில் எந்த மரத்தால் கட்டிய தோணி மிதக்கும், அதன் கரையில் குளிர்காலத்தில் என்ன நேரும் என்று கேட்டால், கேள்வி வாயிலிலேயே நின்றுவிடுகிறது. அங்கே ஜாபிதா இருக்கிறது, வாசம் இல்லை. திரிபுரக் கதையோ வேறு ஜாதியைச் சேர்ந்தது. மயன் சமைத்த பொன், வெள்ளி, இரும்புக் கோட்டைகள் மூன்றும் தனித்தனியே சஞ்சரிக்கும். நெடுங்காலத்துக்கு ஒரு முறையே ஒன்றாகக் கூடும். கூடுகின்ற அந்தக் கணத்தில் ஒரே அம்பினால் மட்டுமே அழியும். பதார்த்தமும் கதியும் காலமும் ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பதால், அசுரன் எங்கே அஞ்ச வேண்டும், பகைவன் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடுகிறது. ஆட்டத்துக்கு இதைவிடச் சிறந்த களம் வேண்டுமோ?

எனினும், தமிழில் கற்பிக்கப்பட்ட அதிசயப் பொருள்கள் எல்லாவற்றுள்ளும் தலைசிறந்தது எதுவென என்னைக் கேட்டால், தயக்கமின்றி மணிமேகலையின் அமுதசுரபியையே சொல்வேன். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரங்கள் பல தேசத்துக் கதைகளிலும் உண்டு. அக்காப்பியத்தின் ஆசிரியர் சாத்தனார் தம் பாத்திரத்துக்கு விதித்த விதிகளே அதனைத் தனிச் சிறப்புடையதாக்குகின்றன. மதுரையில் சிந்தாதேவி கொடுத்த அந்தப் பாத்திரத்தால் ஆபுத்திரன் ஏழைகளின் பசியை ஆற்றி வருகையில், இந்திரன் பாண்டி நாட்டில் மழையைப் பெருக்கிப் பசியையே இல்லாமல் செய்துவிட, உண்பாரின்றி அந்த அற்புதம் பயனற்றுப் போகிறது. பஞ்சமுற்ற சாவக நாட்டை நாடிக் கப்பலேறியவன், வழியில் ஆளற்ற மணிபல்லவத் தீவில் தனியே விடப்படுகிறான். தன் ஒருவன் வயிற்றுக்காக அதனைப் பயன்படுத்த மனமில்லாதவனாய், கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை விட்டுவிட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் துறக்கிறான். குறையாத உணவு கையிலிருக்க ஒருவன் பட்டினியால் மடிவது எத்தகைய கற்பனை! பின்னர் ஆண்டுக்கொரு முறை, வைகாசிப் பௌர்ணமியில் மட்டுமே அது பொய்கையிலிருந்து மேலெழும்; மணிமேகலையின் கைக்கு வந்த பிறகும் ஆதிரை இட்ட முதல் பிச்சையோடுதான் அதன் அறம் தொடங்கும். இடம், காலம், ஆள், நோக்கம் என நான்கு பக்கமும் வரம்பு கட்டப்பட்ட அந்தப் பொருளை, உலகத்தின் எந்த ஆட்ட மேசையில் வைத்தாலும் அது நிலைத்து நிற்கும்.

சித்தர் மரபையும் இங்கே விட்டுவிட முடியாது. பாதரசத்தைக் கட்டி மணியாக்கிய ரசமணி, போகர் செய்ததாகச் சொல்லப்படும் பழனி நவபாஷாண மூர்த்தம், வாயில் அடக்கினால் வானில் பறக்கலாம் என்று நம்பப்பட்ட குளிகை, எல்லா மருந்துக்கும் உயிர் கொடுக்கும் முப்பு என்று அவர்களுடைய பதார்த்தங்கள் பலவாக விரிகின்றன. அவற்றை உண்பவன் பத்தியம் காக்க வேண்டும், செய்பவன் குருவின் அனுமதி பெற வேண்டும் என்ற நியதிகளால், அந்தப் பொருள்கள் ஒவ்வொன்றும் ஒரு மனிதனுடைய வாழ்க்கை முறையையே மாற்றும் தன்மையைப் பெற்றுவிடுகின்றன.

இனி சாஸ்திரியாரிடம் வருவோம். சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என நான்கு விமானங்களை அவர் விவரிக்கிறார். அவற்றுள் திரிபுரம் நிலம், நீர், ஆகாயம் மூன்றிலும் செல்ல வல்லது. சோமம், சௌண்டாலம், மௌர்த்விகம் என்னும் மூன்று மூல உலோகங்களை வெவ்வேறு விகிதத்தில் கலந்தால், சூட்டை உறிஞ்சும் இலேசான உலோகங்கள் பதினாறு பிறக்குமாம். ஒளியையும் வெப்பத்தையும் ஆளும் ரௌத்ரீ தர்ப்பணம், குஹாகர்ப்ப தர்ப்பணம் முதலான ஏழு கண்ணாடிகள் உண்டு. உலைகளும் மூசைகளும் துருத்திகளும் நூற்றுக்கணக்கான வகைகளாகப் பிரிகின்றன. விமானியானவன் கற்றுக்கொள்ள வேண்டிய ரகசியங்கள் முப்பத்திரண்டு. மறைந்து செல்வதும், பிற விமானத்தில் பேசுவதைக் கேட்பதும் அவற்றுள் அடங்கும். இவற்றையெல்லாம்விட என்னை வியப்பில் ஆழ்த்தியது, விமானிகள் பருவத்துக்கேற்ப உண்ண வேண்டிய உணவையும் உடுக்க வேண்டிய ஆடையையும் அவர் மறவாமல் வகுத்திருப்பதே. ஊர்தியைக் கற்பிப்பவர் பலர். அதில் அமர்ந்திருப்பவனுடைய இலைக்கும் துணிக்கும் கவலைப்படுபவனே உலகைக் கற்பிப்பவன்.

அந்நூலுக்குப் பெங்களூர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றின் வரைபடக் கலைஞர் எல்லப்பா 1923இல் சித்திரங்கள் வரைந்தார். மைசூரைச் சேர்ந்த ஜி. ஆர். ஜோசியர் 1952இல் நூலின் இருப்பை உலகுக்கு அறிவித்தார். 1959இல் இந்தியிலும், 1973இல் ஆங்கிலத்திலும் அது வெளிவந்தது. அடுத்த ஆண்டே, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த முகுந்தா, தேஷ்பாண்டே முதலான ஐவர் அதனைச் சோதித்து, பரத்வாஜ மகரிஷி இயற்றியதாகச் சொல்லப்பட்ட இந்நூல் 1904ஆம் ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாதென்றும், அதில் வரும் விமானம் எதுவும் பறக்கும் தகுதி உடையதன்று என்றும் தீர்ப்பளித்தனர். அந்தத் தீர்ப்பு நியாயமானது. நான் அதனை முழுமனத்துடன் ஏற்கிறேன். 2015 ஜனவரியில் மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில் பண்டை விமானங்களைப் பற்றி மீண்டும் ஒரு கட்டுரை படிக்கப்பட்டதும், அதை எதிர்த்து விஞ்ஞானிகள் குரலெழுப்பியதும், பழைய வழக்கு இன்னும் முடியவில்லை என்பதைக் காட்டின. ஒரு கற்பனை நூலைப் பொறியியல் நூலென்று சாதிக்கப் புகுவோர், பொறியியலுக்கு இழைக்கும் தீங்கைக் காட்டிலும் அந்தக் கற்பனைக்கு இழைக்கும் தீங்கே பெரிதென்பது என் துணிபு. ஏனெனில், அவர்கள் அதனைத் தோற்றே தீர வேண்டிய ஒரு பந்தயத்தில் நிறுத்துகிறார்கள்.

காலாவதியான விஞ்ஞானத்தைக் கற்பனையாளர்கள் எப்படிக் கையாளலாம் என்பதற்கு 1989இல் ஜெஃப் கிரப் படைத்த ‘ஸ்பெல்ஜாமர்’ என்னும் ஆட்டம் உத்தமமான உதாரணம். வானத்தைப் பளிங்குக் கோளங்கள் சூழ்ந்திருக்கின்றன என்ற பண்டை ஐரோப்பிய நம்பிக்கையையும், எரிகின்ற பொருளிலெல்லாம் ‘புளோஜிஸ்டன்’ என்றொரு வஸ்து உறைகிறது என்று ஜெர்மானியர் ஸ்டால் பரப்பி, பின்னர் லவாய்ஸியரால் வீழ்த்தப்பட்ட கொள்கையையும் அவர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு சூரிய மண்டலமும் ஒரு பளிங்குக் கோளத்துக்குள் அடைபட்டிருக்கும். கோளங்களுக்கு இடைப்பட்ட வெளியில் பல வர்ணப் புளோஜிஸ்டன் சமுத்திரம் போலப் பாயும். அது தீப்பற்றும் பொருளாதலால், அங்கே செல்லும் கப்பலில் அடுப்பு மூட்டலாகாது, விளக்கேற்றலாகாது. கப்பல் தன்னுடன் கொண்டு செல்லும் காற்றும் நாளடைவில் கெட்டுப்போகும். ஒரே ஒரு விதியிலிருந்து மாலுமிகளின் உணவு, பயம், போர்முறை யாவும் கிளைத்துவிட்டன. பொய்த்துப்போன கொள்கையை மெய்யென்று வாதாடாமல் விளையாட்டுக்கு வைத்துக்கொண்டதால், ஸ்டாலுக்கும் இழிவில்லை, லவாய்ஸியருக்கும் இழப்பில்லை.

இதே ஒழுங்கை மேனாட்டு நாவலிலும் காணலாம். எச். ஜி. வெல்ஸ் 1901இல் கற்பித்த ‘கேவரைட்’ புவியீர்ப்பைத் தடுக்கும் பதார்த்தம். அதன் முதல் தகடு ஆறியவுடனே மேலிருந்த காற்று எடையிழந்து பீறிட்டெழுந்து, கண்டுபிடித்தவனுடைய வீட்டையே பாழாக்குகிறது. ஹால் கிளமென்ட் 1953இல் படைத்த மெஸ்க்ளின் என்னும் கிரகத்தில் ஈர்ப்பு நடுக்கோட்டில் பூமியைப் போல் மூன்று மடங்கு, துருவத்தில் ஏறத்தாழ 700 மடங்கு. அங்கே வாழும் ஜந்துக்களுக்குச் சிறு உயரத்திலிருந்து விழுதலும் மரணமாதலால், தலைக்கு மேல் எதுவும் இருப்பதையே அவை சகிப்பதில்லை.

தமிழில் அண்மைக் காலப் படைப்புகள் இந்த உரைகல்லில் ஒரே மாதிரி மின்னவில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கருடன் கூட்டாகத் தயாரித்து 1952இல் வெளிவந்த ‘காடு’ படத்தில், யானைகளுக்கு உரோமம் போர்த்திப் பூர்வகால மாமத யானைகளாகக் காட்டினார்கள். அது கண்ணுக்கு விருந்து, அவ்வளவே. 1963இல் காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’யில், கலையில் பின்தங்கிய ஒரு கிரகத்தார் பூமியிலிருந்து பாடகி ஒருத்தியைக் கவர்ந்து செல்கிறார்கள், எல்லாம் பெற்று இசை மட்டும் பெறாத உலகம் என்ற அந்த எண்ணம் படத்தைவிடப் பெரியது. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதா, ‘என் இனிய இயந்திரா’வில் பிரஜைகளின் பெயர் இரண்டெழுத்துக்கு மிகலாகாதென்ற ஒரே சட்டத்தால் ஒரு சர்வாதிகார நாட்டின் முகத்தைத் தீட்டிவிட்டார், ஆனால் அவருடைய ஆர்வம் இயந்திரத்திலும் அரசிலும் சென்ற அளவு மண்ணிலும் தாதுவிலும் செல்லவில்லை. ஜெயமோகன் ‘விசும்பு’ கதைகளில் நம் மரபறிவை விஞ்ஞானப் புனைவுக்கு மூலதனமாக்க முயன்றது சரியான திசை. அந்தத் திசையில் பின்தொடர்ந்தவர்கள் போதவில்லை. 2024இல் வந்த ‘அயலான்’ வானிலிருந்து விழுந்த கல்லைக் கதையின் அச்சாக வைத்தும், கல்லைவிட நாயகனையே அதிகம் நம்பிற்று.

சாஸ்திரியார் பிறந்த மண்ணில் இதற்கு மூலப்பொருள் குறைவா? கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை; அவற்றை அறுத்து மெருகேற்றிக் கப்பலேற்றுகிறார்கள். இம்மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 2172 வரை செல்கிறதென்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. 1984இல் உருவான டைட்டன் நிறுவனம் ஓசூர் ஆலையில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அத்தகைய கடிகாரங்களுக்குள் ஒரு சிறு குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து காலத்தை அளக்கிறது. இதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சுலோகமாகச் சொல்லியிருந்தால் மிகையென்றே நகைத்திருப்பார்கள். தளி செல்லும் வழியில் பேளகொண்டப்பள்ளியில் தனியார் விமானத்தளம் ஒன்று இருக்கிறது. இத்தாலிய மாதிரியைக் கொண்டு ஆறு பேர் அமரும் சிறு விமானங்களை அங்கே தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தார் கட்டினார்கள். சுப்பராய சாஸ்திரி பிறந்த வட்டாரத்திலிருந்தே மெய்யான விமானம் மேலெழுந்தது. ஜூஜுவாடியின் எல்லைக்கோடே ஒரு கற்பனையாளனுக்குப் போதும்: தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்க, கோட்டின் இப்புறம் ஒரு சட்டம், அப்புறம் மற்றொன்று என்றிருக்கும் இடத்தை, ஈர்ப்பு விதியே மாறும் எல்லையாக நீட்டிப் பார்க்க எவ்வளவு தூரம்?

வைமானிக சாஸ்திரத்தைத் தமிழில் நல்ல குறிப்புரையோடு பதிப்பித்து, அதன் முகப்பிலேயே இது கற்பனை என்று தெளிவாக அச்சிட்டு, நூலகங்களில் பொறியியல் வரிசையிலிருந்து எடுத்து மணிமேகலை இருக்கும் வரிசையில் வைக்குமாறு பதிப்பாளர்களையும் நூலகத்தாரையும் கேட்டுக்கொள்கிறேன். ஓசூர்ப் பக்கத்து ஆலைகளில் வேலை பார்த்துக்கொண்டு விடுமுறை நாளில் இத்தகைய ஆட்டங்களை ஆடும் இளைஞர்களோ, அந்தப் பதினாறு உலோகங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எந்தச் சுரங்கத்தில் விளைகிறது, அதை வெட்டுபவனுடைய கைக்கு என்ன நேர்கிறது என்று எழுதத் தொடங்கட்டும்.