பாயிரம் இல்லாத எழுத்து

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பானை அடுத்துள்ள செனாவாங், முன்னாளில் பால்மரத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். இன்று அங்கே தொழிற்பேட்டை நிற்கின்றது. மின்னணுக் கருவிகளுக்கு வேண்டிய குறைகடத்திச் சில்லுகள் செய்யும் ஆலையும் அதில் உண்டு. பால்வாளி சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கையில் இப்போது திறன்பேசி இருக்கின்றது. வாட்ஸ்அப் என்றும், இந்நாட்டுத் தமிழில் புலனம் என்றும் வழங்கும் சாதனத்தின் வழியே விடியுமுன் வந்து குவியும் பகிர்வுச் செய்திகளையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

இவற்றுக்கும் ஒரு விமரிசனமா என்று புலவர் சிலர் நகைக்கக்கூடும். கவிதையும் நாவலும் தொடாத தமிழ்மக்கள் பலர் நாள்தோறும் தவறாமல் படிக்கும் தமிழ் இதுவே. ஜனங்கள் படிப்பதைச் சீர்தூக்காத விமரிசனம் யாருக்குப் பயன்படும்?

சீர்தூக்குவதற்கு அளவுகோல் தேடி அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. பவணந்தி முனிவர் நன்னூலில் பாயிரத்திற்கு விதி வகுத்திருக்கின்றார். நூலைச் செய்தவர் யார், அது எவ்வழி வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, அதன் பெயர் யாது, யாப்பு எத்தகையது, பொருள் என்ன, யாருக்காகச் செய்யப்பட்டது, அதனால் விளையும் பயன் என்ன என்னும் எட்டையும் பாயிரம் தெரிவித்தல் வேண்டும். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிச் சொல்வோர் உண்டு என்றும் அவர் குறிக்கின்றார். படிப்பவன் ஏமாறாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது என்பது நமது அபிப்பிராயம்.

இவ்விதியைக் கொண்டு, பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் ஒரு செய்தியைப் பார்ப்போம். திருநள்ளாற்றுச் சனீசுவரன் கோயிலுக்கு மேலே பறக்கும் செயற்கைக் கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றனவாம்; அமெரிக்காவின் நாசா விஞ்ஞானிகளே திகைத்தனராம். எந்த விஞ்ஞானி? பெயர் இல்லை. எந்தக் கோள்? சொல்லப்படவில்லை. எந்த ஆண்டு, எந்த அறிக்கை? அதுவும் இல்லை. பூமிக்கு அருகே சுற்றும் கோள், விநாடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாலேயே விழாமல் இருக்கின்றது, நின்றால் விழும். சனிக் கிரகமோ மிக நெருங்கி வரும்போதும் ஏறத்தாழ 120 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. கோயிலின் பெருமைக்குச் சாட்சியாகக் கோயிலை நம்புவோரே நாசாவை அழைப்பதுதான் வேடிக்கை! விஞ்ஞானத்தின் மதிப்பு வேண்டும், அதன் விசாரணை வேண்டாம் என்பதே இவ்வகை எழுத்தின் முதல் இலக்கணம்.

இரண்டாம் இலக்கணம், ஆசையும் அச்சமும். பத்துப் பேருக்கு அனுப்பினால் நற்செய்தி வரும். அனுப்பாவிடில் கேடு சூழும். இது புதிய சரக்கன்று. சாமி பேரைச் சொல்லி, இத்தனை பிரதி எழுதி அனுப்பாவிட்டால் குடும்பம் அழியும் என்று மிரட்டிய தபால் கார்டுகளை முதியோர் அறிவர். 1995 செப்டம்பர் 21-இல் பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்ற புரளி தொலைபேசி வழியே நாடு கடந்து பரவியது. இந்திய அரசின் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து கொடுத்து, அது சிலையின் மேற்பரப்பில் ஒட்டி வழிந்தோடுவதைக் காட்டினர். தபால் கார்டுக்குக் காசும் கைவலியும் வேண்டியிருந்தன. இப்போது கட்டைவிரல் ஒன்றே போதும்.

நிற்க. நாம் கருவியைப் பழிக்கின்றோம் என்று யாரும் கருத வேண்டா. கணினியில் தமிழ் எழுத 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியத் தமிழரே. கைப்பேசியில் தமிழ் எழுத உதவும் செல்லினம் 2005-இல் அவர் தந்தது. தோட்டம் கலைந்து திசைக்கொன்றாகச் சிதறிய குடும்பங்களுக்குத் தமிழ்ப்பள்ளி அறிவிப்பையும், இழவுச் செய்தியையும், பழைய லயத்து வீடுகளின் படத்தையும் கொண்டுசேர்ப்பது இச்சாதனமே. அச்செய்திகளைப் பாருங்கள்: அனுப்பியவர் பெயர், இடம், நாள், நேரம் எல்லாம் அவற்றில் இருக்கும். நல்ல செய்தி தானாகவே பாயிரத்தோடு வருகின்றது.

"பொய்யாயினும் யாருக்கு என்ன நஷ்டம்?" என்பார்க்கு இரண்டு விடைகள் உண்டு. 2020-இல் கொரோனா பரவியபோது, பத்து விநாடி மூச்சை அடக்க முடிந்தால் நோய் இல்லை என்று ஒரு செய்தி உலாவிற்று. அது சோதனையே அன்று என்று உலக சுகாதார நிறுவனம் மறுக்க நேர்ந்தது. அதை நம்பி மருத்துவமனைக்குப் போகாதிருப்பவன் தன்னையும் கெடுத்துப் பிறரையும் கெடுப்பான்.

மற்றொன்று இன்னும் கொடிது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர்ப் பகுதியில், குலதெய்வக் கோயிலுக்கு ஒரு குடும்பத்தார் காரில் சென்றனர். மலேசியாவிலிருந்து போன உறவினரும் அவர்களுள் இருந்தனர். வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை பிடிப்போர் திரிகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி முன்னமே அங்குப் பரவியிருந்தது. கூட்டம் திரண்டு அடித்தது. சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். உடன் சென்றவர்கள் படுகாயமுற்றனர். தாத்தன் பாட்டன் கும்பிட்ட சாமியைத் தேடிக் கடல் கடந்து போனவர்களுக்கு, முகமறியாத ஒருவன் எழுதிய நாலு வரி எமனாயிற்று. அந்த நாலு வரியின் ஆசிரியர் யார்?

கம்பெனி சில தடைகளைப் போட்டது: ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிரலாகாது என்று 2018-இல் இந்தியாவிலும், 2019-இல் உலகெங்கும் வரம்பு வந்தது. மலேசியாவில் செய்தியின் மெய்ம்மையைப் பார்க்க 2017-இல் அரசு ஓர் இணையத்தளம் தொடங்கிற்று. பொய்ச்செய்திக்கு எதிராக 2018-இல் சட்டம் செய்து, மறு ஆண்டே அதை நீக்க நாடாளுமன்றம் முடிவு செய்தது. எது பொய் என்று தீர்மானிக்கும் உரிமையை ஆட்சியாளர் கையில் கொடுப்பதும் ஆபத்தே. அந்தப் பொறுப்பைப் படிப்பவர் ஏற்க வேண்டும்.

1924-இல் கோலாலம்பூரில் தோன்றி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் போன்ற பத்திரிகையில் பிழை வந்தால், கேட்பதற்கு ஓர் ஆசிரியரும் அலுவலகமும் இருந்தன. பகிர்வுச் செய்திக்கு அவ்வாறு எவரும் இல்லை. ஆகவே, ஆசிரியர் இல்லாத எழுத்தை யார் மேலே அனுப்புகின்றாரோ அவரே அதற்கு ஆசிரியர் என்று கொள்வதே நியாயம். "வந்ததை அனுப்பினேன்" என்பது சமாதானம் ஆகாது. அத்திமூரில் விழுந்த அடிக்கும் அப்படி அனுப்பிய பல கைகள் துணைநின்றன.

செனாவாங்கிலும் பிறவிடங்களிலும் உள்ள தோழர்களை நாம் கேட்டுக்கொள்வது ஒன்றே. அடுத்த செய்தி வரும்போது, எழுதியவர் யார், எவ்வழி வந்தது, எக்காலத்தது என்று மூன்று கேள்வி கேளுங்கள். விடை இல்லையேல், அது உங்கள் பேசியோடு நிற்கட்டும். அனுப்பியே தீருவேன் என்பவர், அதன் அடியில் தம் பெயரையும் ஊரையும் எழுதி அனுப்பட்டும். அவ்வாறு எழுத எத்தனை பேர் துணிவார்கள் என்று பார்ப்போம்.