பிசிறு

பேனாக்கத்தி மொண்ணையானால் சாணைக்காரரைத் தேடிப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கண்ணாடித் துண்டு ஒன்று, அதன் மேல் தண்ணீரில் நனைத்த வாட்டர் பேப்பர். 400, 800, 2000 என்று நம்பரை ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் தோல் வாரில் பத்து இழுப்பு. முடிந்தது. தாள் வரைக்கும் சாதாரணமாக இருக்கிறவர்கள், தோல் வாரை எடுத்ததும் ஏனோ பக்திமான்கள் ஆகிவிடுகிறார்கள்.

அந்த பக்தியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவர் ஜான் வெர்ஹூவன். அமெரிக்காவின் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் பேராசிரியராக இருந்தவர். பழைய டமாஸ்கஸ் கத்திகளின் சூட்சுமத்தை ஒரு கொல்லரோடு சேர்ந்து ஆராய்ந்தவரும் இவரே. அந்தக் கத்திகளுக்கான 'வூட்ஸ்' எஃகு போனது நம்ம தென்னிந்தியப் பக்கமிருந்துதான். எனவே கொஞ்சம் சொந்தம் கொண்டாடலாம்.

2004-ல் அவர் எழுதியது 'கத்தி தீட்டும் பரிசோதனைகள்'. புத்தகம் என்பதைவிட ஆய்வறிக்கை. ஆனால், பி.காம். படித்தவனுக்கும் புரிகிறது. காரணம், பக்கத்துக்குப் பக்கம் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் படங்கள். கதாநாயகன் கூர்மை இல்லை, பிசிறு! கத்தியை ஒரு பக்கம் தேய்த்தால் மெல்லிய உலோகம் மறுபக்கம் மடங்கி நிற்குமே, அது. விரலுக்கு லேசாகத் தட்டுப்படும். படத்தில் மலைத்தொடர் மாதிரி தெரிகிறது. பக்கத்திலேயே ஷேவிங் பிளேடின் படம். அதன் விளிம்பு அரை மைக்ரானுக்கும் குறைவு. மனுஷர் இரக்கமே இல்லாமல் ஒப்பிடுகிறார்.

தீர்ப்பு பக்தர்களுக்குப் பிடிக்காது. வெறும் தோல் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அதே தோலில் குரோமியம் ஆக்சைடு என்கிற பச்சைப் பொடியைத் தடவினால் பிசிறு போகிறது, கீறல்களும் மங்குகின்றன. வேலை செய்வது பொடி. தோல் அதைத் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

இவ்வளவு சொல்கிறவர், வீட்டில் தீட்டுகிறவனின் உண்மையான கஷ்டத்தைத் தொடவே இல்லை. கோணம் பிசகாமலிருக்க அவருக்குக் கருவிகள் இருக்கின்றன. நமக்கு இருப்பது மணிக்கட்டு. நாலாவது இழுப்பிலேயே அது ஆடும். தாளில் கூர்ப்பக்கம் முன்னால் போனால் தாளே கிழியும். முதுகை முன்னால் விட்டு இழுக்க வேண்டும். ரெண்டு பக்கமும் பிசிறு எழாமல் அடுத்த நம்பருக்குத் தாவினால், மொண்ணைக் கத்திக்குப் பாலிஷ் போட்ட கதைதான். தவிர, அவருடைய அளவுகோல் படம். எங்க வீட்டு அளவுகோல் பழுத்த தக்காளி. தீட்டிய கூர் எத்தனை நாள் நிற்கும் என்றும் எனக்குத் தெரியணும்.

இருந்தாலும், கத்தி தீட்டுவது பற்றி அவரவர் தாத்தா சொன்னதையே வேதமாக ஒப்பிக்கிறவர்களுக்கு நடுவில், இவர் ஒவ்வொன்றையும் படம் பிடித்துக் காட்டிவிட்டுப் பேசுகிறார். அதற்காகவே படிக்கலாம். தோல் வார் விற்கிறவர்கள் படித்தால் இன்னும் நல்லது. ஒரு பச்சைக் கட்டியையும் கூடவே வைத்துக் கொடுப்பார்கள்.