குட்டி யானைக்கு ஓர் ஓட்டு

கிராமத்தில் குடியிருந்து தோட்டம் பார்ப்பவர் வண்டி வாங்கக் கிளம்பினால் வீட்டில் இரண்டு கட்சி: ஆல்ட்டோ, இல்லையென்றால் குட்டி யானை. என் ஓட்டு யானைக்கு.

2005-இல் குட்டி யானை என்கிற டாடா ஏஸ் வந்தபோது அதன் இன்ஜின் 702 சிசிதான். இரண்டே சிலிண்டர், 16 குதிரைத்திறன். அன்றைய ஆல்ட்டோவுக்கே 796 சிசி. ஆனாலும் இது முக்கால் டன் சுமக்கும். வெறும் வண்டியாகப் போனால் பட்டை ஸ்பிரிங் குதித்து இடுப்பைப் பதம் பார்க்கும். பருத்திக்கொட்டை மூட்டையும் வாழைத்தாரும் ஏற்றிவிட்டால் சமர்த்தாகிவிடும். தளம் தாழ்வு, பின்பலகையை இறக்கி, முரண்டு பிடிக்கும் கிடாவையும் இருவர் ஏற்றிவிடலாம். சாணியோ சேறோ, இரண்டு குடம் தண்ணீரில் போய்விடும். கார் டிக்கியில் உரமூட்டை வைத்தவர்களைக் கேளுங்கள், அந்த வாடையைப் பற்றிச் சொல்வார்கள்.

நடுராத்திரியில் பிரசவவலி என்றால் கார்தான், மறுக்கவில்லை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு (காதுகுத்துக்குக் கிளம்பும் கூட்டம் இதைக் காதில் வாங்குவதில்லை). ஆனால் கார் துணி போர்த்தி வாசலில் நிற்கிற நாளிலும் யானைக்கு வாடகை கிடைக்கும்: பக்கத்துத் தோட்டத்துத் தக்காளி, பந்தல் சாமான், கல்யாணச் சீர் பீரோ.