ஒரு சர்வர், இரண்டு டொமைன்: சொந்தமா, வாடகையா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அண்ணன் ஏற்றுமதி, தம்பி உள்ளூர் விற்பனை. ஆளுக்கொரு டொமைன் என்று வைத்துக்கொள்வோம். மெயில் பெட்டிக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வாடகை கட்டுவதை விட, அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு இரண்டுக்கும் நாமே மெயில் சர்வர் வைத்தால் என்ன?

மென்பொருள் ஒரு தடையே இல்லை. கடிதத்தை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸ் 1998 முதலும், பெட்டியைத் திறந்து காட்டும் டவ்காட் 2002 முதலும் இலவசமாகக் கிடைக்கின்றன. கடிதம் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் பதிவு. இரு டொமைன்களின் எம்எக்ஸ் பதிவும் ஒரே சர்வரைக் காட்டலாம்; ஒரு ஐபி போதும். கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. அண்ணனுக்கும் 'சேல்ஸ்' முகவரி, தம்பிக்கும் 'சேல்ஸ்' முகவரி. இரு டொமைன்களையும் போஸ்ட்ஃபிக்ஸின் 'மைடெஸ்டினேஷன்' வரியில் எழுதிவிட்டால், இருவர் கடிதமும் ஒரே பெட்டியில் விழும். 'விர்ச்சுவல் மெயில்பாக்ஸ்' டொமைன்களாக எழுதினால் முழு முகவரியையும் பார்த்துப் பிரிக்கும்.

கரண்ட் போனால் கடிதம் தொலைந்துவிடும் என்ற பயமும் தேவையில்லை. அனுப்பும் சர்வர்கள் வழக்கமாக நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயலும்.

சிக்கல் அனுப்புவதில்தான். ஐபி எண்ணிலிருந்து சர்வர் பெயரைக் காட்டும் பிடிஆர் பதிவை இணைய நிறுவனம்தான் போட்டுத்தர வேண்டும். சாதாரண பிராட்பேண்டில் அது கிடைப்பது அரிது. மெயில் சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் 25ஆம் போர்ட்டே பல இடங்களில் அடைபட்டிருக்கும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், சிறிய அளவில் அனுப்புவோரிடமும் பிடிஆருடன், கடிதம் அந்த டொமைனின் அனுமதியோடு வந்ததா என்று காட்டும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் கேட்கிறது. எஸ்பிஎஃப், டிகேஐஎம் ஆகியவற்றை டொமைன்தோறும் தனித்தனியே அமைக்க வேண்டும்.

ஐபியின் நற்பெயரோ ஒன்றுதான். தம்பியின் ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டு திருடுபோய், இரவோடிரவாக ஸ்பேம் கிளம்பினால், மறுநாள் அண்ணனின் இன்வாய்ஸும் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டிக்குப் போகும். இரண்டு தொழிலை ஒரே சர்வரில் வைப்பதன் உண்மையான விலை இதுதான்.

வரவை நாமே வாங்கி, அனுப்புவதை மட்டும் நமக்காக அனுப்பித்தரும் ரிலே சேவையிடம் விடும் நடுவழி உண்டு. அது ஐபி சிக்கலைத் தீர்க்கும். பேக்கப், அப்டேட், சான்றிதழ் புதுப்பிப்பு எல்லாம் அப்படியே நம் தலையில் இருக்கும். அவற்றைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

இன்னொன்று, கூகுள், மைக்ரோசாஃப்ட் சேவைகளில் வாடகை பெட்டிக்கணக்கில்தான். இரண்டாவது டொமைனைச் சேர்க்கத் தனிக் கட்டணம் இல்லை. ஆகவே டொமைன் பல என்பது சொந்த சர்வருக்குக் காரணமாகாது. பெட்டிகள் ஏராளமாக இருந்து, நிலையான ஐபியும் பிடிஆரும் முழுநேர சிஸ்டம் அட்மினும் இருந்தால் சொந்த சர்வர் தகும். பத்திருபது பேர் அலுவலகத்துக்குத் தகாது.

என் முடிவு: பெட்டியை வாடகைக்கு எடுங்கள், டொமைனைச் சொந்தமாக வைத்திருங்கள். டொமைன் கணக்கு வெப்சைட் செய்துகொடுத்தவர் பெயரில் இருந்தால், இன்றே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அது கையில் இருந்தால், சேவை பிடிக்காத நாளில் பழைய கடிதங்களை நகலெடுத்துக்கொண்டு எம்எக்ஸ் பதிவை மாற்றினால் போதும். வாடிக்கையாளருக்குத் தெரிந்த முகவரி மாறாது.