கருத்துக் கேட்ட கதை

மக்களைக் கேட்டுத்தான் செய்தோம் என்கிறார்கள். 2020 ஜூலை 29 அன்று தேசியக் கல்விக் கொள்கைக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது ஒன்றிய அரசு ஒரு கணக்குச் சொன்னது. இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகள், 6,600 ஒன்றியங்கள், 6,000 நகர உள்ளாட்சிகள், 676 மாவட்டங்கள்; வந்த யோசனைகள் இரண்டு லட்சத்துச் சொச்சம். அவர்கள் கணக்குப்படியே பஞ்சாயத்துக்கு ஒரு யோசனைகூடத் தேறவில்லை.

சாரத்தில் உட்கார்ந்து இதைப் படித்தால் சிரிப்பு வருகிறது. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல்தான், அதுவும் நீதிமன்றம் போன பிறகு. அந்த உறுப்பினர்களின் காலம் 2011இல் முடிந்தது. 2015இல் ஊர் ஊராகக் கேட்கிறோம் என்று டெல்லி அறிவித்தபோதும், 2019இல் வரைவு வந்தபோதும், சாரத்திலோ பாகூரிலோ வில்லியனூரிலோ நாம் ஓட்டுப்போட்டு உட்கார வைத்த ஓர் உள்ளாட்சி உறுப்பினர்கூட இல்லை. அப்ப யாரைக் கேட்டாங்க? நாற்காலியில் இருந்த அதிகாரியையா?

2019 மே 31இல் வந்த கஸ்தூரிரங்கன் குழு வரைவு 484 பக்கம், இங்கிலீஷிலும் இந்தியிலும். படித்துக் கருத்துச் சொல்ல முதலில் கொடுத்த கெடு ஒரு மாதம். இந்தி பற்றிய வரி மட்டும் மூன்றே நாளில் திருத்தப்பட்டது. அதைத் திருத்த வைத்தது தமிழ்நாட்டில் எழுந்த கூச்சல், முறையாக அனுப்பிய மனு அல்ல.

கொள்கையை ஒரு பிரதியாக வாசிப்போம். அதில் திரும்பத் திரும்ப வரும் சொல் 'கம்யூனிட்டி'. நம்ம சனத்துக்கு இந்தச் சொல் தெரியாததல்ல. தாசில்தார் ஆபீசில் நின்று வாங்கும் கம்யூனிட்டி சர்டிபிகேட் அதுதான். கொள்கை எழுதியவர்களுக்கோ அது சண்டை சச்சரவில்லாத, எல்லாரும் ஒரே பாயில் உட்காரும் இனிய ஊர். எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் ஒருவருக்குக் கற்றுத்தர முன்வந்தால் நாடே மாறிவிடும் என்கிறது அது. யார் வீட்டுத் திண்ணையில் என்று கேட்கத் தோன்றவில்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஒரு ரோடு இருப்பது அந்தப் பிரதியின் கண்ணுக்குத் தெரியவில்லை. சம்பளம் வாங்கும் ஆசிரியரை உரிமையோடு கேள்வி கேட்கலாம். தொண்டு செய்ய வந்தவரை என்ன கேட்பது?

ஆறாம் வகுப்பு முதல் எட்டு வரை தொழில் பழக்கம், அதில் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் உள்ளூர்த் தச்சரிடமும் குயவரிடமும் தோட்டக்காரரிடமும் பயிற்சி. எந்தத் தொழில் என்பதை மாநிலமும் உள்ளூர்ச் சமூகமும் முடிவு செய்யுமாம். உள்ளூர்ச் சமூகம் நம் பிள்ளைக்கு எந்தத் தொழிலை எடுத்துக் கொடுக்கும் என்று நமக்குத் தெரியாதா? 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்துக்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தது தெருவில் நின்ற மக்கள். அடுத்த ஆண்டே அது போயிற்று.

கேட்பது என்றால் எப்படி என்பதற்கு நம்மிடம் வேறு மரபு உண்டு. 1882இல் ஹண்டர் குழுவின் முன் ஜோதிராவ் புலே வைத்த வாக்குமூலம், 1928இல் சைமன் குழுவிடம் பகிஷ்கிருத் ஹிதகாரிணி சபாவின் சார்பில் அம்பேத்கர் கொடுத்த கல்வி அறிக்கை. உழைக்கும் சாதிகளோடு கலந்து பழகக்கூடிய, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அந்தச் சாதிகளிலிருந்தே வரவேண்டும் என்றார் புலே. யாரும் அழைத்துக் கொடுத்த யோசனை அல்ல இது. வரிப்பணம் எங்கே போகிறது என்று கணக்குக் கேட்ட வழக்கு.

சட்டத்திலும் ஓர் இடம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கும் அவர்கள் தொகைக்கு ஏற்ற இடம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுத வேண்டியதே இந்தக் குழு. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் குழுவின் நோட்டு மட்டும் வீடு தேடி வருகிறது. வேலைக்குப் போய் வந்த அம்மா, எதற்கென்று தெரியாமல் கையெழுத்துப் போடுகிறாள்.

புதுச்சேரிக்குச் சொந்தப் பாடத்திட்டம் இருந்ததில்லை. இங்கும் காரைக்காலிலும் தமிழ்நாட்டுடையது, மாஹேயில் கேரளத்துடையது, ஏனாமில் ஆந்திரத்துடையது. 2023-24 முதல் அரசுப் பள்ளிகளை மத்திய வாரியத்துக்கு மாற்றினார்கள். தமிழ்நாடாவது நீதிபதி முருகேசன் குழுவை 2022இல் அமைத்து, 2025 ஆகஸ்டில் தனக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அதில் குறை சொல்ல நிறைய இடம் இருக்கலாம். சண்டை போட ஒரு தாளாவது கையில் இருக்கிறது.

சாரத்துத் தோழர்களுக்கு ஒன்று. அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வளர்ச்சித் திட்டத்தைத் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பிறகு கையெழுத்து.