மண் தின்ற பெண்கள்

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் சங்க இலக்கியத்தில் தாய்மை என்று ஒரு மணி நேரம் பேசினார். புறநானூற்றின் 20ஆம் பாட்டை எடுத்துக்கொண்டார். சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடியது. அந்த அரசனுடைய மண்ணை, மசக்கையில் இருக்கிற பெண்கள் ஆசைப்பட்டுத் தின்றால் உண்டு. பகைவர் ஒருத்தரும் அதை உண்ண முடியாது என்று வருகிற பாட்டு. "என்ன நயம், என்ன நயம்" என்று பேராசிரியர் உருகினார். மண்டபம் கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை. எங்கக்கா ஞாபகம் வந்துடுச்சு. அவளும் மண்ணு தின்னவதான்.

அக்காவும் மாமாவும் செங்கல் சூளைக்குப் போவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேஸ்திரி காலனிக்கு வந்து முன்பணம் கொடுப்பான். ஒத்தை ஆளுக்கு முன்பணம் கிடையாது, புருஷன் பெண்டாட்டி ஜோடியாக வரணும். தை பிறந்ததும் மூட்டை கட்டினால் ஆடி மழைக்குத்தான் ஊர் திரும்புவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மண் குழைத்துக் கல் அறுக்கணும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. கல் குறைந்தால் முன்பணம் அடுத்த வருசத்துக்கும் தொங்கும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. அது சூளை வாசல்வரைக்கும் வந்து நின்றுகொண்டது போலிருக்கிறது.

2009ஆம் வருசம் தை மாசம் சூளைக்குப் போனபோது அக்காவுக்குக் கைக்குழந்தை இருந்தது, பால் குடிக்கிற புள்ளை. அதற்கு மூத்தது ஒன்று, எட்டு வயசுப் பெண். பால் கொடுக்கிறவளுக்குத் தீட்டு வராமல் இருப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, அதனால் அவள் நாள் எண்ணவில்லை. மூணு மாசம் போனபிறகு மண்ணு வாசனை அடிக்கிறப்பல்லாம் நாக்குல எச்சில் ஊறுச்சாம். குழைத்து வைத்த மண்ணிலேயே கிள்ளித் தின்றிருக்கிறாள். "சூளக்கார மண்ண நான் தின்னேன், என் ரத்தத்த அது தின்னுச்சு பாப்பா" என்று பிற்பாடு சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஆடியில் ஊருக்கு வந்ததும் சப்சென்டருக்குப் போனாள். கூட நானும் போனேன். நர்சம்மா வயிற்றைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளு எங்கடி போயிருந்த? ரெண்டோட நிறுத்த மாட்டீங்களா? உங்களுக்கெல்லாம் எவ்வளவு சொன்னாலும் ஏறாது" என்றார். 'உங்களுக்கெல்லாம்' என்றால் யாருக்கு என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ரத்தம் பார்த்தார்கள், ஆறு புள்ளி சொச்சம். பதினொன்று இருக்க வேண்டியது. மாத்திரை கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் கஞ்சித் தண்ணியோடு விழுங்கினால் வாந்தி, டீயோடு விழுங்கினால் சத்து உடம்பில் சேராது. இதையெல்லாம் உட்கார வைத்துச் சொன்னவர் யாருமில்லை. ஐப்பசியில் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். புள்ளை பொழச்சிடுச்சு. அவளுக்கு உதிரம் நிற்கவில்லை. உடம்பில் ரத்தம் இருக்கிறவள் தாங்கக்கூடிய உதிரப்போக்குதான் அது என்று ஒரு டாக்டர் சொன்னதாக மாமா சொன்னார். ரத்தம் இல்லாதவளுக்கு அது தாங்கவில்லை.

இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை. அந்தப் பாட்டை வாசிக்க எனக்கு வேறு வழி கிடையாது என்பதற்காக எழுதுகிறேன்.

மாசமாக இருக்கிறவள் மண், சாம்பல், திருநீறு, செங்கல் தூள், பச்சரிசி தின்கிறாள் என்றால், அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருகிற அறிகுறி என்று மருத்துவம் சொல்கிறது. புலவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. அவரை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பாட்டு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அரசன் நாட்டில் கலப்பையைத் தவிர வேறு படையே தெரியாது என்று அதே பாட்டு சொல்கிறது. கலப்பை பிடித்தவன் யார், நாற்று நட்டவள் யார், மண்ணுக்கு ஏங்கியவள் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று பாட்டுக்கு அக்கறை இல்லை. அவளுடைய ஏக்கம் அரசனுடைய கோட்டைக்கு மதில் கட்டப் பயன்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அன்றைக்குப் பாடியவருக்குத் தெரியாதது, இன்றைக்குப் பாடம் நடத்துகிறவருக்குத் தெரியும். தெரிந்தும் 'நயம்' என்று மட்டும் சொல்வது விமர்சனமா?

மசக்கையைப் பற்றி நம்முடைய கதைகளும் சினிமாவும் சொல்வதைப் பாருங்கள். கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். மாமியார் புரிந்துகொண்டு சிரிப்பாள். மாங்காய் வரும். அடுத்த காட்சியில் ஏழாம் மாசம், கை நிறைய வளையல். நடுவில் ஒன்றுமே கிடையாது. வயிறு வெளியே தெரிந்த பிறகுதான் தமிழ் எழுத்துக்கு அவள் கர்ப்பிணி. அரசாங்கமும் இந்தக் காலண்டரைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கன்வாடி மூலமாகச் சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. ஐந்து வகைச் சோறு, சந்தனம், வளையல், போட்டோ. எங்கள் பெண்களுக்கு வளைகாப்பே கண்ணில் காணாத காலம் இருந்தது. அதனால் அதை நான் கேலி பண்ண மாட்டேன். ஆனால் உயிருக்கு உதவுகிற பல வேலைகள் அதற்கு முன்னாலேயே முடிந்துபோகின்றன.

கரு உண்டாகி நாலு வாரத்துக்குள் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய் மூடிவிடுகிறது. ஃபோலிக் அமில மாத்திரை அதற்கு முன்னாலேயே உடம்பில் இருக்கவேண்டும். பிரஷரை ஆரம்பத்திலேயே அளந்து வைத்தால்தான், பிற்பாடு ஏறும்போது அது பழையதா புதிதா என்று தெரியும். ரத்தம் குறைவு என்று மூணாம் மாசம் தெரிந்தால் ஏற்றுவதற்கு ஆறு மாசம் இருக்கிறது. ஏழாம் மாசம் தெரிந்தால் இரண்டு மாசம். அக்காவுக்கு இருந்தது அந்த இரண்டு, மூணு மாசம்தான்.

அப்படியானால் ஏன் முன்கூட்டியே போவதில்லை? எல்லாச் சுவரிலும் இதற்கு ஒரே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள்: விழிப்புணர்வு இல்லை. இந்தச் சொல்லை நான் ஒரு பிரதியாக வாசிக்கிறேன். இது குற்றத்தை முழுக்க அவள் தலையில் கட்டிவிட்டுக் கை கழுவுகிற சொல். அந்தக் காலத்தில் 'அழுக்கு ஜனம்' என்றதை இப்போது நாகரிகமாகச் சொல்கிறார்கள்.

எங்கள் தெருவில் 'முழுகாம இருக்கா' என்பார்கள். தீட்டு வந்து தலை முழுகவில்லை என்று அர்த்தம். உடம்பில் ரத்தமே இல்லாதவளுக்கும் பால் கொடுக்கிறவளுக்கும் முழுக்கு எப்போது வரும், எப்போது நிற்கும் என்று கணக்கே கிடையாது. கணக்குத் தெரிந்தவளும் மூணு மாசம் வெளியில் சொல்ல மாட்டாள். கண்ணு படும் என்பது ஒன்று. தெரிந்தால் மேஸ்திரி ஜோடியை எடுக்க மாட்டான், நடவுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பது இன்னொன்று. மூடநம்பிக்கை என்று நாம் எழுதுகிறதில் பாதி கூலிக் கணக்கு.

எங்கள் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கிறது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை போனால் செவ்வாய்க்கிழமை கூலி போச்சு. பஸ்ஸுக்கு நிற்கணும், வரிசையில் நிற்கணும், ஸ்கேனுக்கு வேறொரு நாள் வேறொரு ஊருக்குப் போகணும். மகப்பேறு பயன் சட்டம் 1961இல் வந்தது, 2017இல் சம்பளத்தோடு 26 வாரமாக உயர்ந்தது. கல் அறுக்கிறவளுக்கும் களை எடுக்கிறவளுக்கும் யாரிடம் போய் லீவு எழுதிக் கொடுப்பது?

சப்சென்டர் ஊர்த்தெருவில் இருக்கிறது. நர்சம்மா ஊருக்குள் திண்ணையில் உட்கார்ந்து விசாரிப்பார், காலனிக்கு ஆள் விட்டுக் கூப்பிடுவார். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதில்கூட இரண்டு விதம் உண்டு. எங்கள் வயிற்றில் கை வைத்தபிறகு கை கழுவுகிற சத்தம் தனி. எல்லா நர்சும் அப்படி இல்லை. காலனி வீட்டில் தண்ணி வாங்கிக் குடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு தடவை அவமானப்பட்டவள் அடுத்த தடவை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளித்தான் போடுவாள்.

பதினெட்டு நிரம்பாமல் கட்டிக் கொடுத்த பெண் இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் 2012ஆம் வருசத்துச் சட்டப்படி போலீசுக்குத் தகவல் போகும், புருஷன் உள்ளே போவான். அவள் வயிற்றை மறைக்காமல் என்ன செய்வாள்? மூணாவது புள்ளைக்காரி இருக்கிறாள். அவளுக்குத் திட்டு உண்டு, பணம் கிடையாது.

பணம் என்றதும் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தைச் சொல்லணும். 1987இல் தொடங்கி, 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று உயர்ந்தது. 12 வாரத்துக்குள் பதிந்தால் முதல் தவணை 2,000 ரூபாய் என்று 2018இல் வைத்தார்கள். நல்ல எண்ணம்தான், பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் 12 வாரத்துக்குள் வர முடியாதவள்தான் ரொம்ப இல்லாதவள். வர முடிந்தவளுக்குப் பரிசு, வர முடியாதவளுக்குத் தண்டனை என்று ஆகிப்போனது. முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் என்கிறபோது அக்கா போன்றவள் கணக்கிலேயே இல்லை. தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்து, எதிர்ப்பைத் தாண்டிப் படித்து, 1912இல் மருத்துவப் பட்டம் வாங்கியவர் முத்துலட்சுமி. வாசலில் நிறுத்தப்படுவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அவர் பெயர் போட்ட படிவத்துக்குத் தெரியவில்லை.

2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் பிரசவங்கள் நூற்றுக்கு 99க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. பெருமைதான். அதே கணக்கெடுப்பில் முதல் மூணு மாசத்துக்குள் பரிசோதனைக்குப் போனவர்கள் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். மாசமாக இருக்கிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரத்தசோகை. ஆக, கடைசி நாள் எல்லாரும் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். எந்த நிலைமையில் வந்து சேர்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

கடைசியாக நம்மையும் கேட்டாகணும். தலித் எழுத்து வந்தபிறகுதான் எங்கள் வீட்டுப் பிரசவம் தமிழில் ஏறியது. பாமாவின் 'சங்கதி' 1994இல் வந்தபோது, பிரசவம் பார்க்கிற கிழவியின் குரலை முதல்முதலாக அச்சில் கேட்டு நான் அழுதேன். ஆனால் அதற்குப் பிறகு நாம் ஒரு படத்தைத் திரும்பத் திரும்ப வரைய ஆரம்பித்துவிட்டோம். வயக்காட்டிலேயே பெத்துப்போட்டு, அருவாளால் கொடி அறுத்து, புள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்கிறவள். நானே அப்படி ஒரு கதை எழுதியிருக்கிறேன். எங்கம்மா அப்படித்தான் பெத்தாள், பொய் இல்லை. ஆனால் இதை வீரமாக எழுதும்போது யாருக்குச் சந்தோசம் என்று யோசித்துப் பார்த்தேன். ஆண்டைக்கும் அந்தப் படம் பிடிக்கும். "அவளுங்களுக்கு இரும்பு உடம்புப்பா, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லித்தானே நடவுக்கு இறக்கினான்? இரும்பு உடம்பு என்றார்கள், ரத்தத்தில் இரும்பு இல்லை. உயிரோடு வீடு வந்தவளைத்தான் நாம் எழுதினோம். வராதவளை எழுதவில்லை. புலவர் மண் தின்றதை அழகாக்கினார், நாம் வலியை அழகாக்கினோம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் போதுமான வித்தியாசம் இல்லை.

என் கதையை இப்போது திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். அருவாளில் இருந்து ஆரம்பிக்காமல், நாள் தள்ளிப்போன முதல் காலையில் இருந்து ஆரம்பிக்கிறேன். சொல்லலாமா வேண்டாமா, கூலி என்ன ஆகும், யார் கூட வருவார்கள் என்று அவள் மனசுக்குள் ஓடுகிறதை எழுதப் பார்க்கிறேன். சரியாக வரவில்லை. அதற்கு முன்மாதிரி இல்லை.

அன்றைக்கு எட்டு வயசாக இருந்த அக்கா பொண்ணு போன மாசம் ராத்திரி போன் பண்ணினாள். "சித்தி, நாப்பது நாளாச்சு. யார்கிட்டயும் சொல்லல" என்றாள். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற காலனிப் பெண் ஒருத்திக்கு ஏழாம் மாசம், முதல் தடவை வருகிறாளாம். உள்ளே இருந்து குரல் வந்தது: "இவ்வளவு நாளு எங்கம்மா போயிருந்த?"

பதினாறு வருசத்தில் 'டி' போய் 'ம்மா' வந்திருக்கிறது. கேள்வி அதேதான். அந்தக் கேள்வியை அவளிடம் கேட்பதை விட்டுவிட்டு, மேஸ்திரியிடமும் சூளைக்காரனிடமும் காலனிக்கு வராத சப்சென்டரிடமும், நயம் நயம் என்று கைதட்டுகிற நம்மிடமும் என்றைக்குக் கேட்கப்போகிறோம்?