பாலைத்திணையிற் கள்ளி

சங்கச் செய்யுட்களுட் பாலை பற்றியன மிகப் பல. அகநானூற்றின் 400 பாட்டுக்களுள் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாட்டுக்களும் பாலையே. ஆயினும் அவற்றைக் கற்போர் உள்ளத்தெழும் நிலம் பெரும்பாலும் அராபிய மணற்காடாகவும், ஆங்கு நிற்குஞ் செடி சப்பாத்துக்கள்ளியாகவுமே அமைந்துவிடுகின்றன. பாலைக்கென வரையப்படும் படங்களும் இம்மயக்கத்தை வளர்க்கின்றன.

சப்பாத்துக்கள்ளியின் தாயகம் அமெரிக்கா. அரிசோனாவிற் பீனிக்சு நகரத்தே 1939 இல் நிறுவப்பட்ட பாலைநிலத் தாவரவியற் பூங்காவிற் சிறப்பிடம் பெறுவன அச்செடியும், தூண்போலோங்கும் சகுவாரோ முதலிய அதன் கிளைஞருமே. 1492 இற்குப் பின்னர்க் கடல் கடந்த இச்செடியைச் சங்கப் புலவர் கண்டிருத்தல் இயலாது. வரலாற்றை விடுத்துச் செய்யுளை மட்டும் நோக்கினும் இது தெளிவாம். குறுந்தொகை 174 ஆம் பாட்டில், உலர்ந்த கள்ளிக்காய் வெடிக்கும் ஓசைக்கு வெருவி இணைப்புறாக்கள் பறந்தகல்கின்றன. சப்பாத்துக்கள்ளியின் கனி சதைப்பற்றுடையது, வெடிப்பதன்று. பாலொழுகும் சதுரக்கள்ளியின் காயோ, முற்றி உலர்ந்ததும் பிளந்து விதையைத் தெறிக்கும். சிறுகாயொன்றின் ஒலி துணைப்புறவை வெருட்டுமாயின் அக்காட்டின் தனிமை எத்தகையது! பொருள் கருதித் தலைவன் பிரியக் கருதும் வழி அது. சப்பாத்துக்கள்ளியை ஆங்கு நட்டால் ஓசை போம், ஓசை போகவே புறாக்கள் அமர்ந்தபடியே இருக்கும், பாட்டும் போம்.

ஈழத்தவர்க்கு வேறொரு மயக்கமும் உண்டு. வவுணதீவுப் பகுதியிற் பாலை என்றதும் நினைவில் வருவது வேனிலில் இனிய மஞ்சட்கனி தரும் காட்டுமரம். தமிழகத்தார் பலர் திணைக்குரிய பாலையை வெட்பாலை என்பர். பெயரொன்றாயினும் மரம் வேறு.

முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்து பாலையாம் என்பது சிலப்பதிகாரக் கருத்து. அவ்வாறாயின், கச்சான் வீசுங் காலத்துப் படுவான்கரை மேட்டுநிலம் சகாராவினும் பாலைக்கு அணித்தன்றோ? உரையாசிரியர் சொற்பொருள் தந்தனர். செடியைக் காட்டுதல் அவர் தொழிலன்று. அம்பாந்தோட்டை மாவட்டத்து மிரிச்சவிலவில் 2013 இல் திறக்கப்பெற்ற உலர்வலயத் தாவரவியற் பூங்கா போன்ற இடங்களிற் கள்ளி, இருப்பை, உகாய் ஆகியவற்றைச் சங்கப் பெயருடன் ஒருங்கே நடுதல் தக்கது. கல்லூரித் தோட்டமும் அதற்குப் போதும். மன்னார்ப் பக்கத்தில் இன்றும் வளரும் உகாயின் காயை ஒருமுறை கடித்த மாணாக்கன், நற்றிணை 66 இல் அதனையுண்ட புறா படுந் துயருக்கு உரை தேடான்.